மடியில் இருந்த கத்தி

ஐயா இறந்து காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மலாயாவிலிருந்து திரும்பியபோது கூடவே வந்த பெட்டி. உள்ளே ஒரு கம்பளிச் சட்டை, பழைய பாஸ்போர்ட், வேட்டிக் கிழிசலில் சுற்றிய ஒரு மடக்குக் கத்தி. எருமைக் கொம்புப் பிடி. பெரிது ஒன்று, சிறிது ஒன்றாக இரண்டு அலகு. இரண்டும் துருவேறிப் பிடிக்குள்ளேயே இறுகிக் கிடந்தன. அப்பத்தா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இத மடியில செருகாம அவுக வாசப்படி தாண்டுனதில்ல" என்றார். வெற்றிலைக் காம்பு கிள்ள, பாக்குச் சீவ, சாக்குத் தையல் பிரிக்க, எங்களுக்கு மாங்காய் அரிய, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கத்திதான்.

அதற்கு நான் செய்த முதல் மரியாதை, பெரிய அலகைக் குறடு போட்டு இழுத்துத் திறந்து, தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தது. இரண்டு நிமிடம் பொறி பறந்தது. கத்தி பளபளவென்று திரும்பி வந்தது. அலகின் அடியில் இருந்த முத்திரை போயிருந்தது. அகலத்தில் கால்வாசி போயிருந்தது. நுனி நீலம் பாரித்திருந்தது. ஆயுள் முழுக்க ஐயா தீட்டித் தேய்த்ததைவிட அதிக இரும்பு அந்த இரண்டு நிமிடத்தில் போய்விட்டது. அரிவாளுக்குச் செய்வதைச் சாணைக்காரர் இதற்கும் செய்தார். என்ன வேண்டும் என்று சொல்லாமல் கொடுத்தவன் நான். அதே தவறு இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது என்றுதான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

பேனாவுக்கு முன்பிருந்த பேனாக்கத்தி

மடக்குக் கத்தியைச் சீமைச் சரக்கு என்றே பலர் நினைக்கிறார்கள். இறகுப் பேனாவைச் சீவ ஐரோப்பாவில் பயன்பட்டதால் வந்த பெயர்தான் பேனாக்கத்தி. ஆனால் பனையோலையில் எழுதிய நம்மவர்களுக்கும் அதே தேவை இருந்தது. ஓலையை ஒரே அகலமாக வார வேண்டும், ஓரம் சீவ வேண்டும், பிறகு எழுத வேண்டும். எழுத்தாணிகளில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று மூன்று வகை உண்டு. வாரெழுத்தாணியின் தலைப்பக்கத்தில் ஓலை வாருவதற்கு ஒரு கத்தி இருக்கும். மடக்கெழுத்தாணியில் ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் கத்தி. இரண்டையும் பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம். உ.வே.சாமிநாதையர் படித்த காலம்வரைகூட இவை புழக்கத்தில் இருந்தன. தமிழர் மடியில் இருந்த முதல் பேனாக்கத்தி இதுதான் என்று நான் சொல்வேன். பழைய வீட்டுச் சாமான்களுக்கிடையே பித்தளைப் பிடியோடு, ஒரு முனை ஊசிபோலவும் மறுமுனை தட்டையாகவும் ஒன்று கிடைத்தால் துருப்பிடித்த ஊசி என்று எறிந்துவிடாதீர்கள். மற்ற எந்தக் கத்தியையும்விட அதைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொரு சங்கதியையும் சொல்லாமல் விட மனமில்லை. ஐரோப்பியர்கள் ஊட்ஸ் என்று அழைத்த உருக்கு தென்னிந்தியாவின் மூசை உலைகளில் பிறந்தது. நொய்யல் கரையில் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. லண்டனில் கத்தி செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடர்ட் அறுவை சிகிச்சைக் கருவிகளுக்கு இந்த உருக்கையே மெச்சினார். அது எப்படி இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க, மின்சாரத்துக்காக இன்று நாம் நினைவுவைத்திருக்கும் மைக்கேல் ஃபாரடேயைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு சோதனைகள் செய்தார். இருவரும் 1820-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிறகு இங்கிலாந்தின் ஆலைச் சரக்கு கப்பல் கப்பலாக வந்து இறங்க, நம் ஊர் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்தியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த உலைகளின் ஞாபகம் வரும்.

கையில் எடுத்தால் என்ன பார்ப்பது

மீமிசல், கோட்டைப்பட்டினம், தொண்டி என்று இந்தக் கரையோர ஊர்களில் பழைய மடக்குக் கத்திகள் பெரும்பாலும் கடல் கடந்து போனவர்களோடு வந்தவை. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், 1970-களின் தொடக்கம்வரை சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களை ஏற்றிப்போய் இறக்கி வந்தது. திரும்புகிறவர் பெட்டியில் ஒரு கத்தி இருப்பது சாதாரணம். விலைக்கு வாங்க நினைப்பவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போகலாம். போகுமுன் அலகில் வெட்டியிருக்கும் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கட்டும்.

நட்சத்திரமும் நான்கு கை சமமான மால்டா சிலுவையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அது ஷெஃபீல்டு ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் குறி. பெயர்போன குறி என்பதால் போலிகளும் உண்டு. எழுத்து கோணலாகவோ, வெட்டு ஆழமில்லாமலோ இருந்தால் சந்தேகப்படுங்கள். கிரீடமும் அரசரின் முதலெழுத்தும் இருந்தால் காலத்தை நெருங்கிவிடலாம்: விக்டோரியா 1837 முதல் 1901 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1910 முதல் 1936 வரை. இறக்குமதிச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று எழுத வேண்டும் என 1890-இல் அமெரிக்கா சட்டம் போட்ட பிறகுதான் ஊர்ப் பெயரோடு நாட்டின் பெயரும் சேரத் தொடங்கியது. ஆகவே ஷெஃபீல்டு என்பதோடு இங்கிலாந்து என்றும் இருந்தால் அநேகமாக அதற்குப் பிந்தையது. ஸ்டெயின்லெஸ் என்று இருந்தால் 1913-க்கு முன் போகவே முடியாது. ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் அந்த எஃகை உருவாக்கியது அந்த ஆண்டில்தான். மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. சோலிங்கன் என்ற ஊர்ப் பெயருக்கு 1938 முதல் ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு உண்டு.

மரப்பிடியும், மகுடம் சூடிய கை முத்திரையும் இருந்தால் பிரான்சின் ஓபினெல். ஜோசப் ஓபினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய வடிவம் இன்றும் ஏறக்குறைய அப்படியே வருகிறது. அலகைத் திறந்தபடி பூட்டும் வளையம் 1955-இல் சேர்ந்தது. வளையம் இல்லாத பெரிய அளவு ஓபினெல் கிடைத்தால் அது பெரும்பாலும் அதற்கு முந்தையதாக இருக்கும். சுவிஸ் கத்தி எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி இங்கே விரிக்க வேண்டியதில்லை.

முத்திரையைவிட முக்கியம், கத்தியின் உடம்பு. அலகை மடக்கி, அது படுத்திருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். பள்ளம் நீளமாகவும் அலகு குட்டையாகவும் இருந்தால் ஏற்கெனவே நிறையத் தேய்த்திருக்கிறார்கள். மடக்கியபின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மடியைக் கிழிக்கும், வாங்காதீர்கள். திறக்கும்போது முதுகுப் பட்டை "டக்" என்று சொடுக்க வேண்டும். திறந்த அலகைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் ஆடக்கூடாது. நகம் வைத்துத் திறக்கும் பள்ளம் முழுசாக இருக்க வேண்டும். இவை ஐந்தும் சரியாக இருந்தால் துருவைப் பற்றிக் கவலை வேண்டாம். துரு போகும், தேய்ந்த இரும்பு திரும்ப வராது.

கரியெஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா என்று காந்தத்தை வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. கத்திகளுக்குப் போடும் ஸ்டெயின்லெஸ்ஸும் காந்தத்தில் ஒட்டும் என்பதால் அந்தச் சோதனை உதவாது. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு வைத்துச் சற்று நேரம் விடுங்கள். கரியெஃகு கறுக்கும். கறுத்தால் சந்தோஷப்படுங்கள், அது தீட்டுக்குச் சொன்னபடி கேட்கும். வைத்த இடத்தை உடனே கழுவித் துடைத்துவிடுங்கள்.

உப்புக் காற்றில் வைத்திருப்பது

மதுரையிலோ கோயம்புத்தூரிலோ எழுதப்படும் குறிப்புகள் நம் ஊருக்குப் போதாது. இங்கே ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். காற்றில் வரும் உப்பு பொடியாக எல்லாவற்றின் மேலும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் கத்தியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் உப்புநீர்ப் படலம் இரவும் பகலும் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விசைப்படகிலும் வத்தையிலும் போகிறவர்கள் விசிறியில் சுற்றிய வலையை அறுக்க வைத்திருக்கும் கத்தி ஒரே பருவத்தில் எப்படி ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

ஆகவே முதல் விதி, தண்ணீர். உங்கள் வீட்டு போர்த் தண்ணீர் உப்புக் கரித்தால் கத்தியை அதில் கழுவாதீர்கள், குடிக்கிற தண்ணீரில் கழுவுங்கள். கழுவியதும் துணியால் துடைத்து அரைமணி வெயிலில் வையுங்கள். பிறகு எண்ணெய். உணவில் படும் அலகுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகிப் பிடித்துக்கொள்ளும். கீலுக்கு மட்டும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தோலுறை பார்க்க அழகு, ஆனால் அது ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வேட்டைக் கத்திகளில் பெரும்பாலானவை இங்கே உறைக்குள்ளேதான் செத்தன. உறையைத் தனியாக வையுங்கள். கத்தியை எண்ணெய் தோய்த்த பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை எடுத்துத் துடையுங்கள்.

துருவில் இரண்டு நிறம். சிவப்புத் துரு தின்னும், எடுத்தாக வேண்டும். மாங்காயும் வெங்காயமும் அரிந்து அரிந்து அலகில் படியும் சாம்பல் நீலக் கறை காக்கும், அதைத் தொடாதீர்கள். அந்தக் கறை கையால் வருவது, கடையில் கிடைக்காது. பழங்கத்தியின் அழகில் பாதி அதில்தான் இருக்கிறது. அதைத் தேய்த்துக் கண்ணாடியாக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது.

சிவப்பை எடுக்க மண்ணெண்ணெய் தொட்டு, பழைய செம்புக் காசின் விளிம்பால் சுரண்டுங்கள். செம்பு எஃகைவிட மெத்து, துருதான் போகும், அலகில் கீறல் விழாது. மிச்சத்துக்கு நெல் உமிச் சாம்பல். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதுவே நல்ல மெருகுப்பொடி. பாட்டில் கார்க்கில் எண்ணெய் தொட்டு, சாம்பல் தொட்டு, நீளவாக்கில் தேயுங்கள். முத்திரை இருக்கும் இடத்தைக் கடைசியாக, விரல் நுனியால் மட்டும் தேயுங்கள். புளி போட்டு ஊறவைப்பது பழைய வழக்கம். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும், நல்ல இரும்பையும் கரைக்கும். கால்மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்.

இறுகிப்போன அலகை என்னைப்போலக் குறடு போட்டு இழுக்காதீர்கள். முழுக் கத்தியையும் ஊறவைக்காதீர்கள். கொம்புப் பிடி உப்பிப் பிளக்கும். தலைகீழாக நிறுத்தி, கீலில் மட்டும் காலை மாலை ஒரு சொட்டு மண்ணெண்ணெய். ஐயாவின் கத்தியில் சின்ன அலகு அன்று குறட்டுக்கும் அசையாததால் சாணையிலிருந்து தப்பியது. ஒன்பது நாள் சொட்டு விட்டேன். ஒன்பதாம் நாள் நகத்துக்கே திறந்தது. அதன் அடியில் பொடி எழுத்தில் ஷெஃபீல்டு என்று முழுசாக இருந்தது. பெரிய அலகில் நான் அழித்தது என்ன என்று அன்றுதான் தெரிந்தது.

தீட்டும் விதம்

தீட்டுவதைக் கற்றுக்கொள்ளச் சரியான ஆள் பனையேறி. பாளை சீவுகிறவருக்கு அரிவாள் சவரக்கத்தியைப்போல இருக்க வேண்டும். பாளையின் நுனியை ஒவ்வொரு வேளையும் மெல்லிய சீவலாக எடுத்தால்தான் பதனீர் சொட்டும். மழுங்கின அரிவாள் பட்டால் பாளை நசுங்கி ஊறல் நின்றுபோகும். அவர் சக்கரத்தை நாடுவதில்லை. ஒரு மரப்பலகை, அதன்மேல் வெள்ளைக்கல்லை இடித்துச் சலித்த பொடி, அவ்வளவுதான். பலகையில் பொடியைத் தூவி, அரிவாளைப் படுக்கவைத்து முன்னும் பின்னும் இழுப்பார். பிறகு இடுப்பில் கட்டிய அரிவாள் பெட்டிக்குள் போய்விடும். வெள்ளைக்கல் என்பது குவார்ட்ஸ், எஃகைவிடக் கடினம். மரம் மெத்தென்று இருப்பதால் ஆழமாகக் கீறாமல் கூர் மட்டும் ஏறும்.

மடக்குக் கத்திக்கும் இதே வழிதான் நல்லது. மழுங்கியிருந்தால் முதலில் எண்ணெய்க்கல்லில் தீட்டுங்கள், பிறகு பலகையில் முடியுங்கள். சாய்வு எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஒன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள அலகின் முதுகைக் கல்லிலிருந்து அரை சென்டிமீட்டர் உயர்த்தினால் சுமார் 20 பாகை வரும். அதைக் கடைசிவரை மாற்றாதீர்கள். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு கிளம்பும். விரலை அலகின் வாய்க்குக் குறுக்கே வெளிப்பக்கமாக இழுத்துப் பார்த்தால் தட்டுப்படும். முழு நீளத்துக்கும் பிசிறு வந்த பிறகே பக்கத்தை மாற்றுங்கள். கடைசியில் பழைய தோல் வாரில் நாலு இழுப்பு.

மின்சாரச் சக்கரம் ஏன் கூடாது என்றால், சூடு. ஆசாரி எஃகைச் செங்கனலாகக் காய்ச்சித் தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் பதம் போடுகிறார். அந்தப் பதம் 220 பாகை அளவில் வைக்கோல் நிறத்தில் நிற்கிறது. மெல்லிய அலகின் விளிம்பு சக்கரத்தில் ஒரு நொடியில் 300 பாகையைத் தொட்டு நீலமாகும். நீலமான இடம் பதமிழந்த இடம். எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. என் கத்தியின் நுனி அப்படித்தான் ஆனது. சாணைக்காரரிடம் கொடுத்தே ஆக வேண்டுமானால் பக்கத்தில் நின்று, ஒவ்வோர் இழுப்புக்கும் தண்ணீரில் தொடச் சொல்லுங்கள்.

பிடியின் ஆணி ஆடினால் பட்டறை ஆசாரியிடம் போகலாம். லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிக்கும் கைக்கு இது சின்ன வேலை. "அலகத் தொட வேண்டாம், ஆணிய மட்டும் தட்டிக் குடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லத் தவறியது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

வேட்டைக் கத்தியும் சட்டமும்

வேட்டைக் கத்தி என்று வீட்டில் காட்டப்படுபவற்றில் பல, வேட்டையே காணாத வெட்டுக்கத்திகள். நம் பக்கத்து வேட்டையின் பேர் சொல்லும் கருவி வளரி. அது கையில் பிடித்து அறுப்பதல்ல, எறிந்து அடிப்பது. தஞ்சாவூர் ஆயுதசாலையின் தந்த வளரிகளும் புதுக்கோட்டையின் மர வளரியும் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் எழுதியிருக்கிறார். பழைய ஆயுதங்களில் கண் பழக வேண்டுமானால், ஒன்று வாங்குவதற்கு முன் திருக்கோகர்ணத்தில் இருக்கும் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கு, 1910-இல் தொடங்கியது, ஒரு நாள் போய்வாருங்கள்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுத வகையில் வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. பேனாக்கத்தி இந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. ஆனாலும் திருவிழாவுக்கும் கூட்டத்துக்கும் எந்தக் கத்தியையும் எடுத்துப் போகாதீர்கள். பிடி தந்தமாகவோ மான் கொம்பாகவோ இருந்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். வாங்கவும் விற்கவும் வேண்டாம். எருமைக் கொம்பும் மாட்டெலும்பும் பிரச்சினையில்லை. நூறு வருடம் தாண்டிய பொருள் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரக்கூடும். சிங்கப்பூரில் இருக்கும் பேரனுக்கு அனுப்புமுன் விசாரியுங்கள். எதுவானாலும் விமானத்தில் கைப்பையில் வைக்கக்கூடாது.

எங்கள் வீட்டில் கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுப்பதில்லை. கீழே வைப்பார்கள், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். ஐயாவின் கத்தியை என் மகளுக்கு அப்படித்தான் கொடுத்தேன், திண்ணையில் வைத்து. பெரிய அலகை நான் திறப்பதில்லை. சின்ன அலகில் அவள் பென்சில் சீவுகிறாள். சீவி முடித்ததும் துடைத்து, எண்ணெய்த் துணியில் ஒரு இழுப்பு இழுத்து மடக்குகிறாள். அந்தச் சொடுக்குச் சத்தம் வருகிறதா என்று அடுத்த அறையில் இருந்தபடி நான் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.